புயல் காலப் பிரயாணமும் தவக்குலும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

புகழனைத்தும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார் தோழர்கள் யாவர் மீதும் உண்டாவதாக.

அன்புமிக்க வியாபாரச் சகோதரர்களே!

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை வந்துவிட்டால் மலாக்கா டவுனிலும், அலோர் காஜா, ஜாசின், மஸ்ஜித் தானா கடைவீதிகளிலும் நம்மவர் வாயில் ஒரே பேச்சுதான்: ஊர்ப் பயணம். பெற்றோரைப் பார்க்க வேண்டும், பிள்ளைகளுக்கு ஊரைக் காட்ட வேண்டும், தங்கை மகள் நிக்காஹுக்கு நிற்க வேண்டும். எல்லாம் நல்ல நிய்யத்துகளே. உறவைச் சேர்த்து வாழ்வது நம் மார்க்கம் வற்புறுத்தும் கடமை.

ஆனால் நமக்கு விடுமுறை கிடைக்கும் அதே நாட்களில்தான் வங்காள விரிகுடாவில் புயல் பிறக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டுக் கரைக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். நாகப்பட்டினம், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், கீழக்கரை என்று நம்மவர் பூர்வீகமெல்லாம் கடலோரம். ஆகவே புயல் நேரத்துப் பிரயாணம் பற்றி மார்க்கம் என்ன வழி காட்டுகிறது என்று ஆலோசிப்பது நமக்கு அவசியமாகிறது. நான் ஆலிம் அல்ல. மதரஸாவில் ஓதியதையும் பெரியோர் பயானில் கேட்டதையும் கடைக்காரன் பாஷையில் சொல்லுகிறேன்.

மலாக்காவில் வளர்ந்தவர்களுக்குப் புயல் என்றால் என்னவென்று சரியாகத் தெரியாது. இங்கே விடியற்காலையில் ‘சுமத்ரா’ என்னும் காற்று சீறி வரும். தகரக் கூரையைத் தட்டும். ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். கடையைத் திறந்து வியாபாரத்தைப் பார்ப்போம். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு சமீபத்தில் காற்றுக்குச் சுழலும் வேகம் கிடைப்பது அரிது. அந்த அரிய காரியமும் அல்லாஹ்வின் நாட்டத்தால் நடந்ததுண்டு. 2001 டிசம்பர் 27-ல் ‘வாமெய்’ ஜொகூரில் கரையேறியது. 2025 நவம்பர் இறுதியில் நம் மலாக்கா நீரிணையிலேயே ‘சென்யார்’ உருவாகிச் சுமத்ராவைப் பெருவெள்ளத்தில் ஆழ்த்தியது. அதே வாரத்தில் ‘டித்வா’ இலங்கையைப் புரட்டிப் போட்டது. அப்படியிருந்தும், ஊரில் புயல் எச்சரிக்கை என்றால் “மழைதானே, போய்ச் சேர்ந்துவிடலாம்” என்கிறோம்.

ஆது கூட்டத்தார் சரித்திரத்தை அஹ்காஃப் சூராவில் ஓதுகிறோம். தங்கள் பள்ளத்தாக்கை நோக்கி வந்த மேகத்தைக் கண்டு, மழை கொண்டுவருகிறது என்று அவர்கள் மகிழ்ந்தார்கள்; வந்ததோ அழிவுக் காற்று. இதனால்தான் மேகம் திரண்டாலும் காற்று எழுந்தாலும் நாயகத்தின் திருமுகம் மாறிவிடும் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். அல்லாஹ்வின் தூதரே கவலை கொண்ட ஒன்றை நாம் அலட்சியம் செய்யலாமா?

“நஸீபில் உள்ளது எங்கிருந்தாலும் வரும், தவக்குல் வைத்துப் புறப்படு” என்று சொல்பவர் நம்மில் உண்டு. முதல் பாதி ஈமான். இரண்டாம் பாதியோ யோசிக்க வேண்டியது. கலீபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் பிரயாணமாகி ‘ஸர்க்’ என்னும் இடம் வரை வந்துவிட்டார்கள். அங்கே சேனைத் தலைவர்கள் எதிர்கொண்டு, ஷாமில் கொள்ளைநோய் பரவியிருப்பதைச் சொன்னார்கள். கலீபா உடனே முடிவு கட்டவில்லை. முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள், அபிப்பிராயம் இரண்டுபட்டது. அன்சாரிகளை அழைத்தார்கள், அங்கும் அப்படியே. பிறகு குறைஷிப் பெரியவர்களை அழைத்தார்கள். அவர்கள் ஒரே வாக்காகத் திரும்பிவிடச் சொன்னார்கள். விடிந்ததும் திரும்புவதென்று கலீபா அறிவித்தார்கள்.

அபூ உபைதா (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று கேட்டார்கள். அதற்குக் கலீபா, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் பதிலளித்தார்கள். ஒட்டகம் மேய்ப்பவனுக்கு முன்னே ஒரு பக்கம் செழிப்பும் மறுபக்கம் வறட்சியும் இருந்தால், எதில் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதியே அல்லவா என்று உதாரணமும் காட்டினார்கள். அதன்பின் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து, நோய் பரவிய ஊருக்குள் செல்ல வேண்டாமென நாயகம் தடுத்ததைத் தெரிவித்ததும், கலீபா அல்லாஹ்வைப் புகழ்ந்து திரும்பிச் சென்றார்கள்.

சகோதரர்களே, பாதி வழி வந்த கலீபா, படையும் பரிவாரமும் பார்த்திருக்கத் திரும்பினார்கள். அவர்களுக்கு வராத வெட்கம், “சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிவிட்டோமே” என்று நமக்கு ஏன் வருகிறது? ஆபத்தை அறிந்து திரும்புவது தவக்குலுக்கு விரோதமில்லை என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் தேவையா?

கடும் மழை நாளில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், வீடுகளிலேயே தொழுதுகொள்ளும்படி அறிவிக்குமாறு முஅத்தினுக்குச் சொன்னார்கள். நாயகம் அவர்களும் இவ்வாறு செய்ததுண்டு என்றார்கள். பர்ளான தொழுகையின் ஜமாஅத்துக்கே மழைக்காகச் சலுகை உண்டென்றால், கல்யாண விருந்தும் கடைச் சரக்கும் எம்மாத்திரம்? கடல் கொந்தளிக்கும்போது அதில் பிரயாணம் செய்பவனுக்குப் பாதுகாப்புப் பொறுப்பு நீங்கிவிடுகிறது என்ற கருத்தில் ஒரு ஹதீஸும் அறிவிக்கப்பட்டுள்ளது.

நம் கரையிலேயே பெரிய படிப்பினை ஒன்று இருக்கிறது. இலங்கையில் வியாபாரம் செய்த நம் முன்னோருக்குத் தனுஷ்கோடி அறிமுகமான பெயர். போட் மெயிலில் அங்கே இறங்கி, கப்பலேறித் தலைமன்னாருக்குப் போவார்கள். 1964 டிசம்பர் 22 அன்று நள்ளிரவுக்குச் சற்று முன்னே பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு ஒரு பாசஞ்சர் ரயில் புறப்பட்டது. பிரயாணிகள் சுமார் 110 பேர், ரயில்வே சிப்பந்திகள் 5 பேர். தனுஷ்கோடி நெருங்கும் சமயம் கைகாட்டி விளக்கு எரியவில்லை. ரயில் சற்று நேரம் காத்து நின்று, பிறகு மெல்ல முன்னேறியது. கடல் எழுந்து வந்து ரயிலை மூடியது, ஒருவரும் மிஞ்சவில்லை. ஊரும் அழிந்தது; மனிதர் வசிக்கத் தகுதியற்ற இடமென்று அரசாங்கம் அறிவித்தது.

மறைந்தவர்களைக் குறைசொல்ல நமக்கு உரிமை இல்லை. புயல் எங்கே நிற்கிறதென்று பார்க்க அவர்கள் கையில் ஒன்றுமில்லை. நம் கையிலோ தொலைபேசி இருக்கிறது. புயல் பிறக்கும் முன்னரே செய்தி வருகிறது. இந்திய வானிலை இலாகா புயல் அபாயத்தைப் பொதுவாக 48 மணி நேரத்துக்கு முன்னும், மறுபடி 24 மணி நேரத்துக்கு முன்னும் அறிவிக்கிறது. அவர்களுக்குக் கிடைக்காத அறிவிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. அதற்கு நாளை கேள்வி உண்டு.

அந்த ரயிலில் பலியான ஐந்து சிப்பந்திகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அவர்கள் ஊர் பார்க்கப் போனவர்கள் அல்லர். பிறர் பிரயாணத்துக்காகத் தங்கள் வேலையைச் செய்தவர்கள். நாம் புயலில் புறப்பட்டால் நாம் மட்டுமா புறப்படுகிறோம்? “திருச்சிக்குக் கார் கொண்டு வா” என்று இங்கிருந்து உத்தரவு போடுகிறோம். அந்த டிரைவர் “சரிங்க முதலாளி” என்பான். கூலிக்காரன், மறுக்க மாட்டான். நள்ளிரவில், மரம் சாய்ந்த ரஸ்தாவில், அறுந்த மின்கம்பிக்கு நடுவே அவன் வரவேண்டும். அவன் வீட்டிலும் பிள்ளைகள் காத்திருப்பார்கள். நம் உயிர், மனைவி மக்கள் உயிர், அந்த டிரைவர் உயிர், எல்லாம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத். தன் தவக்குலுக்குப் பிறர் உயிரைப் பணயம் வைக்க யாருக்கும் அனுமதியில்லை.

“டிக்கெட் பணம் போய்விடுமே” என்பது அடுத்த கவலை. நாம் வியாபாரிகள், கணக்கைச் சரியாகப் போடுவோம். கொடுத்த வெள்ளி போனாலும் போகட்டும், அது ஒரு பருவத்து நஷ்டம். உயிர் முதல். முதலை அழித்து நஷ்டத்தை மீட்கும் வியாபாரி உண்டா? பல சமயம் அந்த நஷ்டமும் வருவதில்லை. விமானக் கம்பெனியே பயணத்தை ரத்துச் செய்தால் பணமோ மாற்றுத் தேதியோ கேட்டு வாங்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் பல நாள் மூடிக் கிடந்தது. 2016-ல் வர்தா, 2023-ல் மிக்ஜாம், 2024-ல் ஃபெங்கல் புயல்களின் போதும் மூட வேண்டியதாயிற்று. அவசரப்பட்டு செப்பாங் போய்ப் பிள்ளைகளோடு தரையில் படுத்துக் கிடப்பதில் என்ன லாபம்?

எனவே, சில யோசனைகள். முதலாவது, நவம்பர் டிசம்பரில்தான் போக முடியுமென்றால், நிக்காஹ் நாளுக்கு முதல் நாள் போய் இறங்கும்படி டிக்கெட் வாங்காதீர்கள். சில நாட்கள் இடைவெளி விடுங்கள். இரண்டாவது, தகாஃபுல் எடுப்பதானால் டிக்கெட் வாங்கும்போதே எடுங்கள். புயல் செய்தி வந்தபின் எடுப்பது அந்தப் புயலுக்கு உதவாமல் போகலாம். மூன்றாவது, திருச்சியில் விமானம் இறங்கும் என்பதால் மட்டும் புறப்படாதீர்கள். அங்கிருந்து ஊருக்கு ரஸ்தா இருக்கிறதா என்று விசாரியுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்தபோது, லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. நான்காவது, அங்கே இருக்கும்போது புயல் வந்துவிட்டால் கெட்டியான வீட்டில் இருங்கள். காற்று திடீரென நின்றால் முடிந்தது என்று வெளியே வராதீர்கள். அது புயலின் கண்ணாக இருக்கலாம். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று அடிக்கும். ஐந்தாவது, எப்பயணமானாலும் கடன் கணக்கை எழுதி, வஸிய்யத்தை வீட்டாரிடம் சொல்லிவிட்டு, இஸ்திகாரா தொழுது, உமர் (ரலி) செய்தது போல அறிந்தவர்களிடம் மஷூரா செய்து புறப்படுங்கள்.

தங்கிவிட்டால் உறவு அறுந்துவிடாது. தொலைபேசியில் பேசுங்கள். பயணத்துக்கென்று வைத்த பணத்தில் ஒரு பகுதியை, கூரை பறிகொடுத்த அண்டை வீட்டாருக்கு, அவர் எந்த மதத்தவரானாலும், அனுப்பி வையுங்கள். புயல் ஓய்ந்து வழி திறந்ததும் போங்கள்; அப்போது உங்கள் கையும் அங்கே உதவும்.

யா அல்லாஹ்! காற்றின் நன்மையை எங்களுக்குத் தந்தருள்வாயாக. அதன் தீங்கை விட்டும் காத்தருள்வாயாக. எச்சரிக்கையைக் கேட்டு நடக்கும் அறிவையும், உன் மீது உண்மையான தவக்குலையும் எங்களுக்கு ஒன்றாகவே அருள்வாயாக. கடலில் மறைந்தவர்களுக்கு ஷஹீதுகளின் பதவியை வழங்குவாயாக.

ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.