முள்முருக்கின் துறைமுகம்

1

சீனத்தின் ஃபூஜியன் மாநிலத்தில், தைவான் நீரிணையைப் பார்த்தபடி இருக்கிறது சுவான்ஜோ. பத்தாம் நூற்றாண்டில் இந்த ஊரின் மதிலைச் சுற்றி முள்முருக்கு மரங்களை வைத்தார்கள். சீனத்தில் அதற்கு ‘த்சிதோங்’ என்று பெயர். அராபிய மாலுமிகள் வாயில் அது ‘ஜைத்தூன்’ ஆயிற்று. மார்க்கோ போலோவும் இபன் பதூதாவும் அந்தப் பெயரில்தான் இந்த ஊரை அறிந்தார்கள்.

நாம் கலியாண முருங்கை என்று சொல்லும் அதே மரம். முகூர்த்தக் காலோடு வைத்துக் கட்டுவோம். சளி பிடித்தால் இலையை அரிசியோடு அரைத்து அடை சுடுவோம். மலைத்தோட்டங்களில் மிளகுக் கொடியை இதன்மேலும் ஏற்றிவிடுவார்கள். மிளகு படர்ந்த மரத்தின் பெயரைத் தாங்கிய ஊருக்கு மிளகும் கப்பலேறிப் போயிருக்கிறது. ஒரு நாள் முழுக்க இதை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2

கிறித்தவ நாடுகளுக்காக அலெக்சாந்திரியாவுக்கு மிளகு ஏற்றி ஒரு கப்பல் போனால், ஜைத்தூனுக்கு நூறு கப்பல் வருகிறது என்று மார்க்கோ போலோ எழுதினார். கணக்கு மிகையாக இருக்கலாம். ஆனால் 1087-லேயே இங்கே கடல்வணிகத்துக்கென்று அரசு தனி அலுவலகம் வைத்தது.

1974-இல் சுவான்ஜோ விரிகுடாவின் சேற்றைத் தோண்டியபோது ஒரு கப்பல் கிடைத்தது. 1270-களில் மூழ்கியது. எஞ்சியிருந்த அடிப்பகுதியே ஏறத்தாழ 24 மீட்டர். உள்ளே பதின்மூன்று அறைகள். ஓர் அறையில் நீர் புகுந்தாலும் மற்றவை மிதக்கும்படி குறுக்குப் பலகை அடித்திருந்தார்கள். நறுமணக் கட்டைகள் ஏராளம். கூடவே மிளகு. எழுநூறு ஆண்டுகள் அந்த மிளகை யாரும் இடிக்கவில்லை. சேறு அதைப் பத்திரமாக வைத்திருந்தது.

3

அந்தக் கப்பல் மூழ்கிச் சில ஆண்டுகளே ஆகியிருக்கும். சகம் 1203, சித்திரை மாதம், அதாவது 1281. இந்த ஊரில் ஒருவர் கல்லில் தமிழ் வெட்டிவைத்தார். பெயர் சம்பந்தப் பெருமாள். சிவனை எழுந்தருளச் செய்ததாகவும், அது கானின் திருமேனி நன்றாக இருக்கவேண்டிச் செய்ததாகவும் சொல்கிறார். கான் என்பது குப்ளாய் கான். தமிழுக்குக் கீழே ஒரு வரி சீன எழுத்து.

தோணிபுரத்துப் பிள்ளை சம்பந்தரின் பெயரை வைத்துக்கொண்டு, மங்கோலியப் பேரரசனின் உடல்நலத்துக்காக, சீனத்துக் கடற்கரையில் சிவனுக்குக் கோயில். இதில் ஒன்றும் அவருக்கு வியப்பாக இருந்திருக்காது. பிழைக்க வந்த ஊர், அதை ஆள்பவன் நன்றாக இருக்கட்டும், சாமி பக்கத்தில் இருக்கட்டும். அவ்வளவுதான்.

4

பதினான்காம் நூற்றாண்டின் நடுவில் இங்கே பத்தாண்டுக் கலகம். பிறகு வந்த மிங் அரசு தனியார் கடலுக்குப் போவதையே தடைசெய்தது. கோயில் போயிற்று. அதன் கல் போகவில்லை.

காய்யுவான் பௌத்தக் கோயில் 686-இல் தோன்றியது. முற்றத்தின் இருபுறமும் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கற்கோபுரங்கள் இரண்டு. பெருமண்டபத்தின் முன்பக்கம் எல்லோரும் ஊதுவத்தி ஏற்றுகிறார்கள். பின்பக்கம் போனேன். அங்கே இரண்டு தூண்கள். நரசிம்மர் மடியில் இரணியன். ஆய்ச்சியர் சேலையோடு மரத்தில் கண்ணன். மண்டபத்தின் அடிமேடை நெடுகச் சிங்க உடல் கொண்ட உருவங்கள். மிங் காலத்தில் பழுதுபார்த்தபோது இடிந்த கோயிலின் கற்களை இங்கே கொண்டுவந்து பொருத்தியிருக்கிறார்கள்.

அருங்காட்சியகத்தில் இன்னொரு கல். மரத்தடி லிங்கத்துக்கு யானை பூ எடுத்து வைக்கிறது. திருவானைக்காவில் நிற்பதுபோல் இருந்தது. செதுக்கிய கை சீனக் கை என்கிறார்கள் அறிஞர்கள். யாரோ ஒரு வணிகர் அந்தச் சிற்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, யானைக்கதையைத் தெரிந்த சீனத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

5

நகரை அடுத்த சேதியன் கிராமத்தில் ஒரு சின்னக் கோயில். நான்கு கையுள்ள அம்மன். சம்மணமிட்டிருக்கிறாள், முகம் நம்மூர் முகம். ஊரார் அவளைக் குவான்யின் என்று கும்பிடுகிறார்கள். கருணைக்கான தெய்வம் அது.

பெயர் மாறியிருக்கிறது. விளக்கு அணையவில்லை.

6

இந்த ஊரின் லுவோயாங் பாலம் 1053-இல் தொடங்கி 1059-இல் முடிந்தது. ஆறு கடலில் சேரும் இடம்; வெள்ளம் ஒருபக்கம், ஓதம் ஒருபக்கம் இழுக்கும். அடித்தளக் கற்கள் நகராமலிருக்க அவற்றின்மேல் சிப்பி வளர்த்தார்கள். சிப்பி வளர வளரக் கல்லோடு கல்லை ஒட்டியது. பாலத்தடியில் சிப்பி எடுக்கக் கூடாதென்று கட்டளை. சிப்பி முட்டை அடை இந்த ஊரின் அன்றாடச் சாப்பாடு. பசித்தவர்கள் கைநீட்டினால் எட்டும் தொலைவிலிருந்ததை எடுக்காமல் விட்டதால் ஒரு பாலம் நின்றிருக்கிறது.

7

நான்யின் என்கிற பழைய இசை இங்கே இன்னும் ஒலிக்கிறது. பிற இடங்களில் ‘பிப்பா’ என்ற நரம்பு வாத்தியத்தை நிமிர்த்திப் பிடிக்கிறார்கள். இங்கே தாங் வம்சக் காலத்தில் பிடித்ததுபோல் படுக்கை வாட்டில். வாசிப்பவர் அவசரப்படுவதில்லை.

வெளியே வந்தால் அவசரமான ஊர். 2020-இல் இதன் ஆண்டு உற்பத்தி ஒரு லட்சம் கோடி யுவானைத் தாண்டியது. ஜின்ஜியாங் பக்கம் முழுக்கக் காலணித் தொழிற்சாலைகள்; ஆன்டா நிறுவனம் அங்கே பிறந்ததுதான். தேஹுவாவில் வெண்பீங்கான், ஆன்ஷி மலையில் தேயிலை. காலணித் தொழிலின் வித்தும் கடல்கடந்து வந்தது. மலாயாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் பிழைக்கப் போனவர்கள் கடிதமும் பணமும் சேர்த்து வீட்டுக்கு அனுப்பினார்கள். 1979-க்குப் பிறகு, அவர்கள் பூட்டிவைத்துப் போன வீடுகளிலேயே, அவர்கள் அனுப்பிய பணத்தில், உறவினர்கள் தையல் இயந்திரம் போட்டார்கள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தமிழருக்கு அடுத்த வீட்டில் ஹொக்கியன் பேசியவர்களில் பலர் இந்த ஊர்க்காரர்களின் பிள்ளைகள்.

2021-இல் யுனெஸ்கோ இங்குள்ள 22 இடங்களை உலகப் பாரம்பரியமாக ஏற்றது. 1009-ஐச் சேர்ந்த மசூதி அதில் ஒன்று. மானி சமயத்துச் சிலையைக் காக்கும் கோயில் இன்னொன்று. மானியை வணங்கிய சமயம் மறைந்துவிட்டது. சிலைக்கு முன்னால் இன்றும் ஊதுவத்தி.

8

1330-இல் இங்கிருந்து கப்பலேறினார் சீனப் பயணி வாங் தாயுவான். தம் நூலில் ஒரு மண்கோபுரத்தைக் குறிப்பிடுகிறார். 1267-இல் கட்டி முடித்ததாக அதில் சீன எழுத்து இருந்ததாம். அது இருந்த இடம் நாகப்பட்டினம் என்கிறார்கள் அறிஞர்கள்.

நாகையில் அவர்கள் கோபுரம், இங்கே நம் கோயில். நம் கற்கள் தூணாக நிற்கின்றன. அந்தக் கோபுரம் இன்று நாகையில் இல்லை. இதை எழுதும்போது கை சற்று நின்றது.

முள்முருக்குக்கு விதை தேவையில்லை. போத்து ஒடித்து ஊன்றினால் துளிர்க்கும். ஊன்றியவர் கப்பலேறிப் போய்விடலாம். தளிர்விடும் வரைக்கும் தண்ணீர் ஊற்ற, அந்த மண்ணுக்குரிய ஒருவர் வேண்டும். ஊருக்குத் திரும்பியதும், யாரோ ஊன்றிவிட்டுப் போன எது என் வாசலில் வாடிக்கொண்டிருக்கிறது என்று பார்க்கவேண்டும்.