இரவல் தொழுவத்தின் பண்டிகை

(கிழக்குத் தாம்பரத்தில் திருவருகைக் கால ஞாயிறு ஆராதனை ஒன்றில் ஆற்றிய உரை)

டிசம்பர் பிறந்துவிட்டால் போதும், ஒரு கேள்வி என்னைத் தேடி வந்துவிடும். கேட்பவர் பெரும்பாலும் வாலிபர். கையிலுள்ள போனில் யாரோ அனுப்பிய வீடியோ ஓடிக்கொண்டிருக்கும். “ஐயா, டிசம்பர் 25 வேதத்திலேயே இல்லையாமே? ரோமாபுரிக்காரர்களின் சூரியப் பண்டிகையாமே? நாம் கொண்டாடலாமா?”

வேதத்தில் தேதி இல்லைதான். லூக்கா ராத்திரியில் மந்தை காத்த மேய்ப்பரைச் சொல்கிறார், மாதத்தைச் சொல்லவில்லை. மத்தேயு சாஸ்திரிகளைச் சொல்கிறார், அவர்கள் மூன்று பேர் என்றுகூடச் சொல்லவில்லை. காணிக்கை மூன்று என்பதால் நாம்தான் தலைக்கு ஒன்றாகப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டோம்.

சூரியப் பண்டிகைக் கதையும் முழுப் பொய் அல்ல. ரோமப் பேரரசன் ஆரேலியன் 274இல் சூரியனுக்குக் கோயில் கட்டியது உண்மை. ஆனால் டிசம்பர் 25இல் சூரியனுக்கு விழா என்று சொல்லும் பழைய ஆதாரம் 354ஆம் ஆண்டு ரோமில் தொகுத்த ஒரு நாட்காட்டித் தொகுப்பு. கிறிஸ்து அதே நாளில் பிறந்தார் என்ற குறிப்பும் அதே தொகுப்பில்தான் இருக்கிறது. யார் யாரிடம் வாங்கினார்கள் என்று அடித்துச் சொல்ல அது இடம் தரவில்லை. இன்னொரு கணக்கும் உண்டு. இயேசு மரித்த நாளும் மரியாளின் வயிற்றில் உருவான நாளும் ஒன்றே, அது மார்ச் 25 என்று ஆதிச் சபையில் சிலர் நம்பினார்கள். அதோடு ஒன்பது மாதம் கூட்டிப் பாருங்கள். கீழ்த்திசையில் ஏப்ரல் 6 என்று வைத்துக்கொண்டவர்களுக்கு ஜனவரி 6 வந்தது. அர்மீனியத் திருச்சபை இன்றும் ஜனவரி 6இல்தான் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடுகிறது. நீங்கள் மூச்சு வாங்க ஏறுகிற பரங்கிமலைப் படிக்கட்டு இருக்கிறதே, அதைக் கட்டிக் கொடுத்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வியாபாரி!

பரங்கிமலை என்றதும் இன்னொன்று. போர்த்துக்கீசியர் 1523இல் அங்கே கட்டிய ஆலயத்துக்கு என்ன பெயர்? எதிர்பார்ப்பின் அன்னை. நிறைமாதக் கர்ப்பிணியாகக் காத்திருக்கும் மரியாளுக்கு டிசம்பர் 18இல் விழா. 656இல் ஸ்பெயின் நாட்டு டொலேடோ நகரில் ஆயர்கள் கூடி வைத்த நாள் அது. மரியாள் கருவுற்ற நாளான மார்ச் 25 தவசு நாட்களுக்குள் விழுந்துவிடுகிறதே என்று யோசித்து அந்த விழாவை டிசம்பருக்கு நகர்த்தினார்கள். நாம் சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபைக்காரர்கள், மாதாவுக்கு விழா எடுப்பதில்லை. ஆனாலும் சொல்கிறேன், காத்திருப்பதற்கென்றே ஒரு நாளை ஒதுக்கிய யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. நம் வீடுகளில் டிசம்பர் முதல் வாரமே கேக் தீர்ந்துவிடுகிறது.

“கொண்டாடக் கூடாது” என்பதும் புதுச் சரக்கு அல்ல. சீர்திருத்தத்துக்குப் பின் ஸ்காட்லாந்து சபை, வேதத்தில் கட்டளை இல்லை என்று சொல்லி இந்தப் பண்டிகையைக் கைவிட்டது. 1640இல் அந்நாட்டு நாடாளுமன்றம் விடுமுறையையும் நீக்கியது. கிறிஸ்துமஸ் அங்கே மறுபடி அரசு விடுமுறையானது எப்போது தெரியுமா? 1958இல்! அந்த ஸ்காட்லாந்திலிருந்து வந்த மிஷனெரிகள் 1837இல் ஊன்றியதுதான் தாம்பரத்தில் இருக்கிற நம் சென்னைக் கிறித்தவக் கல்லூரி. பண்டிகையை விட்டவர்களின் பிள்ளைகளும் விடாதவர்களின் பிள்ளைகளும் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையாக ஒன்றானார்கள். இன்று கேம்ப் ரோடு முழுக்க நட்சத்திரம் தொங்குகிறது.

மற்ற வழக்கங்களும் வந்தவைதான். குடிலை 1223இல் இத்தாலியின் கிரெச்சோ என்ற சிற்றூரில் அசிசி பிரான்சிஸ் உயிருள்ள மாடும் கழுதையும் வைத்துக் காட்டினார். மரம் ஜெர்மன்காரர்களுடையது. 1605இல் ஸ்ட்ராஸ்பர்க் வீடுகளில் காகித ரோஜாவும் ஆப்பிளும் கட்டிய மரம் இருந்ததாகக் குறிப்பு உண்டு. நமக்கு அந்த மரத்துக்கு எங்கே போவது? சவுக்குக் கிளையை வெட்டி மண்வாளியில் நட்டோம். அதில் பஞ்சை ஒட்டிப் பனி என்றோம், தாம்பரத்தில்! கிறிஸ்துமஸ் தாத்தாவோ, இன்றைய துருக்கியிலிருந்த மீரா ஊரின் ஆயர் நிக்கோலா. நம் கேரல் ரவுண்ட்ஸில் முகமூடிக்குள் வியர்த்துக்கொண்டு ஆடுவது அவர்தான் என்று சொன்னால் அவரே நம்பமாட்டார்.

எல்லாமே இரவல். வெட்கப்பட வேண்டுமா? இயேசு சுவாமியின் வாழ்க்கையைப் பாருங்கள். பிறந்தது அந்நியர் முன்னணையில். பிரசங்கம் செய்தது சீமோனின் படகில். எருசலேமுக்குள் போனது யாரோ கட்டி வைத்திருந்த கழுதையில். கடைசிப் பஸ்கா உண்டது வேறொருவர் வீட்டு மேலறையில். அடக்கம் செய்ததும் அரிமத்தியா யோசேப்பு தனக்கென வெட்டிய கல்லறையில். சொந்தமாக ஒன்றும் வைத்துக்கொள்ளாதவருக்கு எடுக்கிற பண்டிகை இரவலில் நடப்பதை நான் குறையாகப் பார்க்கவில்லை.

இரவல் இடத்தில் பண்டிகை நடப்பதை 1938 டிசம்பரில் நம் ஊரே பார்த்தது. அகில உலக மிஷனெரி சங்கத்தின் மாநாடு சீனாவில் ஹாங்சௌ நகரில் கூட வேண்டியது. ஜப்பான் படையெடுத்ததால் அங்கே முடியவில்லை. முந்தின ஆண்டுதான் தாம்பரத்துக்குக் குடிவந்திருந்த கல்லூரி வளாகம் இடம் கொடுத்தது. ஏறக்குறைய 70 நாடுகளிலிருந்து 471 பேர் வந்தார்கள். ஜான் மாட் தலைமை. நம் பேராயர் அசரியா இருந்தார், தென்னாப்பிரிக்காவிலிருந்து ஆல்பர்ட் லுத்துலி வந்திருந்தார். சீனரும் ஜப்பானியரும் வந்திருந்தார்கள், இரு நாடும் போரில் இருக்கும்போதே. டிசம்பர் 12 முதல் 29 வரை கூட்டம். அந்த ஆண்டு 25ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. சீனாவில் கூட முடியாதவர்களுக்குக் கிறிஸ்துமஸ் தாம்பரத்தில் வந்தது.

கொண்டாடலாமா என்ற கேள்விக்குத் திரும்புகிறேன். நாள் பார்க்கிறவன் கர்த்தருக்கென்று பார்க்கட்டும், பாராதவனும் அப்படியே இருக்கட்டும், ஒருவரை ஒருவர் நியாயந்தீர்க்க வேண்டாம் என்பதுதான் ரோமருக்குப் பவுல் சொன்ன புத்தி. ஆகவே வாலிபர் சங்கத்துக்கு ஒரு வார்த்தை. 20ஆம் தேதி ராத்திரி சேலையூர் பக்கம் கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது, பண்டிகை அனுசரிக்காத விசுவாசிகள் வீட்டு வாசலில் டோலக் அடிக்காதீர்கள். மறுநாள் பகலில் ஒருவர் போய் நலம் விசாரித்து, ஒரு டப்பா கல்கல் கொடுத்துவிட்டு வாருங்கள். பலகாரத்துக்கு யாரும் வசனம் கேட்கமாட்டார்கள். டப்பாக்களைத் திருப்பி வாங்கிவர மறக்க வேண்டாம், அவை மாதர் சங்கத்தினுடையவை.