கேட்கும்போது பிறக்கும் பக்கம்

வலைப்பக்கம் என்பது சர்வரில் முன்கூட்டியே எழுதிவைத்த கோப்பு என்ற நிலை 1993-இல் மாறத் தொடங்கியது. அமெரிக்காவின் என்சிஎஸ்ஏ மையத்தில் உருவான சிஜிஐ முறை, ஒருவர் கேட்ட பிறகு நிரலே பக்கத்தை எழுதித் தர வழிசெய்தது. ஆவடியை அடுத்த கோவில்பதாகையில் ஒருவர் மின்கட்டணம் பார்க்கக் கைபேசியில் பாஸ்வேர்டைத் தட்டுகிறார். நிரல் சரிபார்த்து, அவர் பெயர், இணைப்பு எண், இரண்டு மாதக் கணக்கு எல்லாவற்றையும் கோத்துக் கொடுக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அதே நிரல் வேறு பக்கம் தரும். பாஸ்வேர்டு தப்பென்றால் அதற்கும் ஒரு பக்கம் உண்டு. தட்டுவதற்கு முன் இவை இருந்தனவா?

இதற்கு, இல்லாத காரியமே புதிதாகத் தோன்றுகிறது என்பார்கள் நியாய வைசேடிகத் தத்துவவாதிகள். காரணத்தில் நுண்ணிலையில் உள்ளதே வெளிப்படுகிறது என்பது சைவ சித்தாந்தம் ஏற்கும் சற்காரியவாதம். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 நூற்பாக்களில் தந்த சிவஞானபோதத்தின் வழிவந்தோர், குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்பார்கள். உலகுக்கு அவை முறையே மாயை, சத்தி, சிவன். அவரவர் வினைக்கேற்பத் தனு கரண புவன போகங்கள் (உடல், கருவிகள், உலகம், நுகர்ச்சி) வந்து சேர்கின்றன.

தரவை மண் என்றும் சர்வரைச் சக்கரம் என்றும் கொண்டால், குயவன் யார்? நிரல் என்றால் சித்தாந்தி ஒப்பமாட்டார், அது அறிவில்லாத சடம். வினையும் சடமே, தன் பயனைத் தானே ஊட்டாது, அறிந்து கூட்டுவிக்க இறைவன் வேண்டும் என்பது மீமாஞ்சகரை நோக்கி அவர் வைக்கும் வாதம். மீமாஞ்சகருக்கோ, செய்த வேள்வியே அபூர்வம் என்ற ஆற்றலாக நின்று பயன் தரும்.

மின்கட்டணப் பக்கம் மீமாஞ்சகர் பக்கமே சாய்கிறது. நள்ளிரவில் ‘இவருக்கு இது’ என்று தீர்மானிக்க யாரும் விழித்திருப்பதில்லை. நிரலை எழுதியவர் ஒருவர் உண்டே என்பது பாதி விடைதான்: தொடங்கிவைத்த கர்த்தாவை அது காட்டும், உடனிருந்து ஊட்டும் கர்த்தாவைக் காட்டாது. (படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்ட கடவுளை ஆவடி அருகிலுள்ள திருமுல்லைவாயில் சிவன் கோயிலில் யாரும் கும்பிடுவதில்லை.)

சித்தாந்திக்கு வலுவான இடம் வேறு. நிரல் ஆளை அறியாது, எழுத்துகள் பொருந்துகின்றனவா என்று மட்டுமே பார்க்கும். மகன் தட்டினாலும் அப்பாவின் பக்கம்தான் திறக்கும். விதி மட்டுமே போதுமென்றால், ஒருவர் வினை இன்னொருவரைச் சேராமல் காப்பது எது? மீமாஞ்சக ஆசிரியர் குமாரிலரின் மரபு இதற்கும் பதில் வைத்திருக்கிறது: அபூர்வம் செய்தவனின் ஆன்மாவிலேயே தங்குகிறது, ஆளை அடையாளம் கண்டு கொண்டுசேர்க்க வேண்டிய தேவையே அங்கு எழுவதில்லை.