யார் உடைத்தார்? எதனால் உடைந்தது?

(கங்காதர நெல்லூர்ப் பூரணைக் கூட்டத்தில் நிகழ்த்திய அறவுரை)



பூரணைதோறும் நாம் ஒன்றுகூடி, மும்மணிகளைச் சரணடைந்து, பஞ்சசீலத்தை வாய்விட்டுச் சொல்லுகின்றோம். சொல்லுதல் எளிது. சொன்னபடி நிற்றல் எத்துணை அரிது என்பதைச் சென்ற வைசாகப் பூரணைக்குப் பின்னர் ஒரு சிறு கருவி நமக்குக் கற்பித்தது. அக்கருவி நம் சங்கத்தின் டிஜிட்டல் காமிரா. அது பழுதான வரலாற்றையும், பழுது நீங்கிய வரலாற்றையும் ஒன்றும் மறைக்காமல் எடுத்துரைப்பதே இன்றைய நமது கடமையாகும்.

கைபேசி இல்லாத வீடே இல்லாத இக்காலத்தில் காமிரா எதற்கு என்று சிலர் கேட்டதுண்டு. மாந்தோப்பிலும் கரும்புக் கொல்லையிலும் கூலி வேலை செய்யும் நம்மவர், வீட்டுக்கு இருபதும் ஐம்பதுமாகச் சேர்த்து அதை வாங்கினர். கைபேசியில் எடுத்த படம் கைபேசியோடு போய்விடுகிறது. சங்கத்துக் காமிராவில் எடுத்த படம் சங்கத்து ஏட்டில் நிற்கும் என்பது அவர்களது எண்ணம். நம் பாட்டனுக்கும் பாட்டிக்கும் படம் இல்லை. நம் பேரப்பிள்ளைகளுக்காவது இருக்கட்டும் என்று நினைத்ததில் தவறு என்ன?

வைசாகத்தன்று இண்டர்மீடியட் படிக்கும் பதினேழு வயதுப் பிள்ளை ஒருவன் படங்களை எடுத்தான். நம் சங்கத்தில் வயதில் மூத்த உபாசிகை அம்மையார், வெள்ளுடை உடுத்து, கையில் தாமரை ஏந்தி அமர்ந்திருந்ததையும் எடுத்தான். மூன்று வாரம் கழித்து அம்மையார் காலமானார். அவருடைய மக்கள் நம்மிடம் வந்து, "ஆதார் அட்டையில் உள்ள படத்தைத் தவிர அம்மாவுக்கு வேறு படம் கிடையாது, வைசாகத்தில் எடுத்ததைக் கொடுங்கள்" என்று கேட்டார்கள். காமிராவை எடுத்து இயக்கினோம். லென்ஸ் பாதி வெளியே வந்தது, கரகரவென்று ஒலித்தது, நின்றுவிட்டது. லென்ஸில் பிழை என்று ஒரு வரி திரையில் தோன்றி, விளக்கும் அணைந்தது.

அப்பொழுது நாம் செய்தது என்ன? கூடியிருந்தோர் யாவரும் கேட்க, அப்பிள்ளையைப் பார்த்து, "எங்கே கீழே போட்டாய்?" என்று கேட்டோம். "நான் போடவில்லை, ஐயா" என்றான். "பொய் சொல்லாதே. நான்காம் சீலத்தை மறந்தாயா?" என்று அதட்டினோம். அவன் தலை குனிந்தான். அன்று முதல் மாலை வகுப்புக்கு அவன் வரவில்லை. இரண்டு நாள் கழித்து அவன் தாயார் வந்தார். "கூலிக்குப் போய்க் காசைக் கட்டிவிடுகிறோம், அண்ணா. பிள்ளையைப் பொய்யன் என்று மட்டும் சொல்லாதீர்கள்" என்றார். அந்தச் சொல் இன்றும் நம் நெஞ்சில் முள்ளாய் நிற்கின்றது.

அன்பர்களே! நாம் இருபத்தைந்து ஆண்டுகள் பஞ்சாலையில் நூற்புப் பகுதியில் உழைத்தவர். அங்கே இழை அடிக்கடி அறுந்தால் மேஸ்திரி ஓடி வருவார். "யார் இந்த மெஷினில்?" என்பதே அவர் முதற் கேள்வி. பஞ்சில் குறையா, உருளை தேய்ந்ததா, கூடத்துக் காற்றில் ஈரம் குறைந்ததா என்று அவர் கேட்டதில்லை. காற்று உலர்ந்தால் இழை அறும் என்பது நூற்பவர் அனைவரும் அறிந்ததே. ஆயினும் அபராதம் ஆளின் தலையில் விழும். அந்த மேஸ்திரியை நாம் எவ்வளவு வெறுத்தோம்! அன்று நம் பிள்ளையின் முன்னே அதே மேஸ்திரியாக நாமே நின்றோம்.

பகவன் புத்தரிடம் மோலிய பக்குணர் என்னும் பிக்கு, உணர்பவர் யார், விரும்புபவர் யார், பற்றுபவர் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார் எனச் சம்யுத்த நிகாயம் கூறுகின்றது. கேள்வியே பொருந்தாது என்று பகவன் மறுத்தார். யார் என்று கேளாதே. எதனைச் சார்ந்து இது தோன்றுகின்றது என்று கேள் என்பதே அவர் காட்டிய வழி. நிதானத் தொடர் முழுவதும் இந்த ஒரு கேள்வியின் மேலேயே நிற்கின்றது. அதனை நாம் பல ஆண்டு பிரசங்கித்திருக்கின்றோம். ஒரு லென்ஸ் நின்றபோது அதை மறந்தோம்.

பின்னர் அக்காமிராவை எடுத்துக்கொண்டு திருப்பதிக்குச் சென்றோம். ஒரு கடையில், "இதையெல்லாம் இப்போது யாரும் பார்ப்பதில்லை; எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்கள். மற்றொரு கடையில், திறந்தும் பாராமல், புதிய காமிராவின் விலையில் பாதிக்கு மேல் கேட்டார்கள். மனம் சோர்ந்து திரும்புகையில், சித்தூரில் ஒரு சந்தில், பிலிம் காமிராவும் ரேடியோவும் பழுது பார்த்துவந்த முதியவர் ஒருவர் இருப்பதாக ஓர் அன்பர் சொன்னார். அவரிடம் சென்றோம்.

அவர் யார் உடைத்தார் என்று கேட்கவில்லை. "என்ன செய்கிறது? எப்போது தொடங்கியது? எங்கே வைத்திருந்தீர்கள்? இதுவரை நீங்கள் என்ன செய்து பார்த்தீர்கள்?" என்று நான்கே கேள்விகள் கேட்டார். நோய், நோயின் காரணம், நோய் நீங்குதல், நீங்கும் வழி என்னும் நான்கு வாய்மைகளை எந்நூலிலும் அவர் படித்தவர் அல்லர். ஆயினும் அவ்வழியிலேயே அவர் கை சென்றது.

முதலில் பேட்டரியைக் கழற்றினார். பின்னர் மெமரி கார்டை எடுத்துத் தம் கணினியில் செருகினார். அம்மையார் தாமரையோடு திரையில் தோன்றினார்! படங்கள் காமிராவினுள் செத்துக் கிடக்கின்றன என்றே நாம் எண்ணியிருந்தோம். உடல் பழுதாயினும் கார்டு நலமாகவே இருந்தது. இதை அறிந்து சொல்லக்கூடிய ஒரே பிள்ளையை நாமே விரட்டியிருந்தோம் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

அடுத்து அவர் ஒன்று சொன்னார். பளிச்சென ஒளிவிடும் ஃபிளாஷ் விளக்குக்காக உள்ளே ஒரு மின்தேக்கி உண்டு. அதில் ஏறக்குறைய 300 வோல்ட் மின்சாரம் தேங்கி நிற்கும். பேட்டரியைக் கழற்றிய பின்னும் அது உடனே நீங்காது. அறியாமல் தொட்டால் கையை உதறித் தள்ளும். ஆகையால் முதலில் அதைத் தக்கபடி வெளியேற்றிவிட்டே அவர் திருகுகளைத் தொட்டார். நம் கோபமும் அவ்வாறே அன்றோ? காரணம் போன பின்னும் உள்ளே தேங்கி நிற்கின்றது. அதைத் தணிக்காமல் எதைத் திருத்தப் புகுந்தாலும் நமக்கும் பிறர்க்கும் அடிதான்.

லென்ஸ் வளையங்களைப் பிரித்தபோது இடுக்கில் மூன்று மணல்கள் இருந்தன. அவற்றை வெள்ளைத் தாளில் தட்டி, பூதக்கண்ணாடியால் பார்த்தார். "ஆற்று மணல், ஐயா. சாம்பல் ஒட்டியிருக்கிறது. ஊதுவத்திக் கிண்ணத்து மணலா?" என்றார். நம் கால்கள் தளர்ந்தன. வைசாகத்தன்று இரவு, ஊதுவத்தி நட்டுவைத்த மணற்கிண்ணத்தையும் அந்தக் காமிராவையும் ஒரே துணிப்பையில் போட்டு வீட்டுக்குத் தூக்கிச் சென்றவர் யார்? இவ்வுரையை நிகழ்த்தும் நாமேதான்.

மணலைத் துடைத்து, பல்சக்கரத்தைச் சீர்செய்து, மூடிக் கொடுத்தார். கூலி 450 ரூபாய். லென்ஸ் ஓசையின்றி வெளியே வந்தது.

மறுநாட் காலை பிள்ளையின் வீட்டுக்குச் சென்று, அவன் தாயார் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டோம். "நீங்கள் பையில் வைத்ததை நான் பார்த்தேன், ஐயா. பெரியவர் மேல் குற்றம் சொல்லக்கூடாது என்று இருந்துவிட்டேன்" என்றான். பொய்யன் என்று நாம் யாரைச் சொன்னோமோ, அவனே மெய்யை அறிந்தும் நம் மானத்தைக் காத்தான். மெய் என்று எண்ணிப் பேசிய நாமே அவன் மானத்தைக் கெடுத்தோம். ஆராயாமல் கூறும் சொல், பொய் என்று அறியாமற் கூறினாலும், கேட்டவன் நெஞ்சில் பொய்யின் வேலையையே செய்கின்றது.

உலக வரலாற்றிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. காமிராவினுள் ஒளியை மின்சாரமாக மாற்றும் சில்லுக்கு ஒளியுணரி என்று பெயர். அதற்கு அடிப்படையான சாதனத்தை 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்னும் இருவர் கண்டனர். அதற்காக 2009-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். 1975-ல் கோடக் கம்பெனியின் ஸ்டீவன் சாசன் அமைத்த முதல் டிஜிட்டல் காமிரா ஏறக்குறைய மூன்றரைக் கிலோ எடை. ஒரு படத்தைக் காசெட் நாடாவில் பதிக்க 23 விநாடி ஆயிற்று. அத்தகைய கோடக் கம்பெனியே 2012-ல் திவால் மனு கொடுத்தது. தோன்றியன யாவும் மாறும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமோ? இனி நாம் கூறவந்த எடுத்துக்காட்டு: 2005-ல், சோனி செய்த ஒளியுணரிகளுள் ஒரு பகுதி, வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில் பழுதாகிப் படம் சிதைவதாகத் தெரியவந்தது. அவை பொருத்தப்பட்ட காமிராக்களை விற்ற கேனன், நிக்கான் முதலிய பல கம்பெனிகள், இக்குறை உள்ளவற்றை இலவசமாகப் பழுதுபார்த்துத் தருவதாக அறிவித்தன. காமிரா வைத்திருந்தவர் எத்தனை கவனமாய்ப் பேணினும் அப்பழுது வரக்கூடும். அது சில்லினுள் இருந்தது. எதனால் என்று ஆராய்ந்தபோதன்றோ அது வெளிப்பட்டது?

பழுது பார்த்தல் ஏழைமையின் அடையாளம் என்று நாணுவோர் உளர். விநயபிடகத்தைப் பாருங்கள். ஐந்து ஒட்டுக்குக் குறைந்த பிட்சாபாத்திரம் உடைய பிக்கு, புதிய பாத்திரம் கேட்டுப் பெறுவது குற்றம். ஆனந்தர்க்குக் கோசாம்பி அரண்மனைப் பெண்டிர் ஐந்நூறு ஆடைகள் ஈந்தபோது, இத்தனையும் எதற்கு என்று உதயண மன்னன் வினவினான். கந்தை அணிந்த பிக்குகளுக்குப் பகிர்வோம் என்றார் ஆனந்தர். பழைய கந்தைகளை? மேல்விரிப்பாக்குவோம். பழைய விரிப்பை? மெத்தை உறையாக்குவோம். அதன் பழையதை? தரைவிரிப்பும், பின்னர்க் கால்துடைப்பும், பின்னர்த் தூசு தட்டும் துணியும் ஆக்குவோம். அதுவும் நைந்தால்? நறுக்கிச் சேற்றோடு குழைத்துத் தரை மெழுகுவோம். மன்னன் மகிழ்ந்து மேலும் ஐந்நூறு ஆடைகள் அளித்தான். எறிந்துவிடு என்னும் சொல் அறத்தின் சொல் அன்று. நம் நாட்டு அரசும் 2022 டிசம்பர் 24-ஆம் நாள், பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது.

ஆதலின் அன்பர்களே, காமிராவோ வேறு கருவியோ நின்றுபோனால் இவற்றை நினைவிற்கொள்ளுங்கள். உடனே அணைத்து, பேட்டரியையும் கார்டையும் கழற்றுங்கள். நின்ற லென்ஸைக் கையால் இழுக்கவோ அழுத்தவோ வேண்டா. நீர் பட்டிருந்தால் நன்கு உலரும்வரை இயக்கிப் பாராதீர்கள். தவறுதலாகப் படத்தை அழித்துவிட்டால் அக்கார்டில் புதிய படம் எடுக்காதீர்கள். பெரும்பாலும் குறிப்பு மட்டுமே அழிந்து படம் உள்ளே இருக்கும், மேலே வேறொன்று பதியும்வரை அறிந்தவர் மீட்கக் கூடும். கூலி இவ்வளவு என்று முன்னரே எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய உறுப்பைத் திருப்பிக் கேளுங்கள். உத்தரவாதக் காலத்தில் வணிகர் மறுத்தால், 1915 என்னும் எண்ணில் தேசிய நுகர்வோர் உதவியிடத்தில் முறையிடலாம். இனிச் சீராகாது எனத் தெளிந்தால் குப்பையிலோ நெருப்பிலோ இடவேண்டா. பேட்டரி வெடித்துத் தீப்பற்றும். மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் சேருங்கள்.

முடிவாக ஒன்று. மழைக்கால வாசம் முடிந்ததும் பிக்குகள் கூடி, என்னிடம் ஏதேனும் குற்றம் கண்டிருந்தால், கேட்டிருந்தால், ஐயுற்றிருந்தால் கூறுங்கள் என்று மூத்தவர் முதல் இளையவர் வரை ஒவ்வொருவரும் சங்கத்தை வேண்டுவர். அதற்குப் பவாரணை என்று பெயர். மூத்தவரே முதலில் வேண்டுவர் என்பதைக் கவனியுங்கள். அப்பிள்ளையின் வீட்டில் மன்னிப்புக் கேட்டோம், அது போதாது. குற்றம் சாட்டியது இந்தக் கூட்டத்தில். ஆகையால் மன்னிப்பும் இந்தக் கூட்டத்திலேயே கேட்கப்பட வேண்டும். தம்பி! நீ குற்றமற்றவன். குற்றம் எம்முடையது. அம்மா! உங்கள் மகன் பொய்யன் அல்லன். இதை எல்லாரும் கேட்கச் சொல்லுகின்றோம். பத்திரிகையிலும் அச்சிடச் சொல்லியிருக்கின்றோம்.

அம்மையாரின் படம் இன்று சட்டமிட்டு அவர் மக்கள் கையில் சேர்கின்றது. காமிரா மீண்டும் அப்பிள்ளையின் பொறுப்பில் இருக்கும். மணற்கிண்ணத்தை இனி நாம் தனியே கையில் ஏந்திச் செல்வோம்.

எல்லா உயிர்களும் இன்புற்றிருக்கக் கடவன. சாது! சாது! சாது!