பேரேட்டில் ஏறாத கடன்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

  

நாம் ஆலிம் அல்ல. மதரஸாவில் ஓதி, ஆரம்பப் பள்ளியில் நாலு எழுத்துப் படித்து, அம்பாங்கில் ஒரு மளிகைக் கடை வைத்துப் பிழைத்து வருகிறோம். ஆயினும் கணக்கு எழுதத் தெரிந்தவர் என்ற உரிமையில், ஒரு கணக்கைப் பற்றி உங்களுடன் பேச வந்திருக்கிறோம்.

ஒரு மூட்டை வெங்காயம் கடனாகப் போனால் நமது பேரேட்டில் தேதியும், பெயரும், தொகையும் ஏறிவிடுகின்றன. குர்ஆன் ஷரீபில் மிக நீளமான வசனம் எது தெரியுமா? பகரா சூராவின் 282-ஆம் வசனம். அது தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதுமன்று. கடனை எழுதி வைக்கும் முறையைப் பற்றியது. தொகை சிறிதாயினும் எழுதச் சோம்பக்கூடாது என்று அல்லாஹுத் தஆலா அதில் நமக்குக் கற்பிக்கிறான். அப்படியிருக்க, பெற்றவர்களுக்கு நாம் பட்ட கடன் எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது?

நமது குடும்பத்தில் நடந்ததையே சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நமது உம்மா குளியலறையில் விழுந்தார்கள். தொடர்ந்து வாதம் வந்து வலப்பக்கம் செயலற்றுப் போயிற்று. உடன்பிறந்தார் நால்வர். நாம் மூத்தவர். ஒரு தம்பி ஈப்போவில், மற்றொரு தம்பி சென்னையில், தங்கை கிள்ளானில். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நால்வரும் ஒரே குரலில், “உம்மாவை நாம் பார்த்துக்கொள்வோம்” என்றோம். ‘நாம்’ என்ற சொல்லில் யாருடைய பெயரும் இல்லை. ‘பார்த்துக்கொள்வோம்’ என்ற சொல்லில் எந்தத் தொகையும் இல்லை.

தம்பி ஒருவர் முதியோர் இல்லம் என்ற பேச்சை எடுத்தபோது, “ஜமாஅத்தில் நாலு பேர் என்ன சொல்வார்கள்?” என்று வாயை அடைத்தவரும் நாமே. உம்மா தங்கை வீட்டுக்குப் போனார்கள். தம்பிமார் ஞாபகம் வந்தபோது பணம் அனுப்பினார்கள். நாம் ஞாயிறுதோறும் பழக்கூடையுடன் போய், தலைமாட்டில் அரைமணி நேரம் உட்கார்ந்து, துஆ வாங்கிக்கொண்டு திரும்பினோம். படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வரும். இரவு பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் நான்குக்கும் எழுந்தவர் யார் என்று நாம் கேட்டதேயில்லை.

ஒரு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. தங்கை கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். உம்மா தமது இடக்கையால் அவளுடைய வெறும் மணிக்கட்டைத் தடவித் தடவிக் கண்ணீர் விட்டார்கள். நமக்கு ஒன்றும் விளங்கவில்லை. தங்கையைத் தனியே அழைத்துக் கேட்டோம். “பணிப்பெண்ணுக்கு மூன்று மாதச் சம்பளம் நின்றுபோயிற்று, காக்கா. காப்பை அடகு வைத்தேன்” என்றாள். அந்தக் காப்பு உம்மா அவளுடைய நிக்காஹ்வுக்குச் செய்து போட்டது. பேச நாவெழாத நமது தாய்க்கு அந்தக் கணக்குத் தெரிந்திருந்தது. கல்லாவில் உட்கார்ந்திருந்த நமக்குத் தெரியவில்லை.

சகோதரர்களே! பனீ இஸ்ராயீல் சூராவின் 23, 24-ஆம் வசனங்களை நாம் அறிவோம். முதுமை எய்திய பெற்றோரிடம் சலிப்பான ஒரு சொல்லும் சொல்லக்கூடாது என்பது அதன் கட்டளை. அதில் இன்னொரு நுட்பமும் உண்டு. அவர்கள் ‘உன்னிடத்தில்’ முதுமை அடைவதைப் பற்றியே அங்கே பேசப்படுகிறது. எங்கோ ஓரிடத்தில் அல்ல, உன்னிடத்தில். அந்த முன்னிலைச் சொல்லில் மகன், மகள் ஒவ்வொருவரும் அடக்கம். “சீ” என்று நாம் உம்மாவிடம் சொன்னதில்லை என்று பெருமை கொண்டோம். அந்தச் சொல்லைச் சொல்லும் அளவுக்கு நாம் அருகில் இருந்ததே இல்லையே!

நம்மில் ஷாபிஈ மத்ஹபினரும் உண்டு, ஹனபி மத்ஹபினரும் உண்டு. வசதியற்ற பெற்றோரின் ஜீவனச் செலவு வசதியுள்ள பிள்ளைகள் மீது கடமை என்பதில் இரு மத்ஹபும் ஒன்றே. இதனால்தான் பெற்றோருக்கு ஜகாத் கொடுப்பது செல்லாது. உம்மாவின் மருந்துச் செலவை ஜகாத் கணக்கில் கழிக்க நினைப்பவர் இதை அறிந்துகொள்ள வேண்டும். பெற்றோருக்குச் சொந்தப் பொருள் இருந்தால், முதலில் அது அவர்களுக்கே செலவாக வேண்டும். “வீட்டை விற்காதே, நாளை நமக்கு வரும்” என்று பிள்ளைகள் பேசுவதைக் கேட்டிருக்கிறோம். உயிரோடிருப்பவரின் சொத்தை வாரிசுச் சொத்து என்று எண்ணுவது எவ்வளவு பெரிய அநியாயம்!

சட்டமும் இதைச் சொல்கிறது. கூட்டரசுப் பிரதேசத்தின் 1984-ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டப்படி, நோயாலோ உடற்குறையாலோ சம்பாதிக்க இயலாதவருக்கு, ஷரீஅத்படி கடமைப்பட்டவர் ஜீவனாம்சம் கொடுக்குமாறு ஷரீஅத் கோர்ட்டு உத்தரவிடலாம். சிலாங்கூரில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. சிங்கப்பூர் 1995-லும், இந்தியா 2007-லும் பெற்றோர் பராமரிப்புக்கெனவே சட்டம் செய்தன. பெற்ற தாய் கோர்ட்டுப் படியேறி நம்மிடம் கஞ்சிக்குக் காசு கேட்கும் நாளை அல்லாஹ் நமக்குக் காட்டாதிருப்பானாக.

காப்பு விஷயம் தெரிந்த அந்த வாரமே, இஷாவுக்குப் பின் நால்வரும் கூடினோம். சென்னைத் தம்பி தொலைபேசியில் முகம் காட்டினார். ஒரு புது நோட்டு எடுத்தோம். பணிப்பெண் சம்பளம், மருந்து, டயப்பர், பால்மாவு, ஆஸ்பத்திரி வண்டிச் செலவு என்று ஒவ்வொன்றாக எழுதினோம். பங்கைச் சமமாகப் பிரிக்கவில்லை, சக்திக்குத் தக்கபடி பிரித்தோம். தங்கையின் கண்விழிப்பே அவளுடைய பங்கு என்று எழுதி, அவளிடம் ஒரு வெள்ளியும் வாங்குவதில்லை என்று முடிவு செய்தோம். வாரத்தில் இரண்டு நாள் உம்மா அம்பாங்கில் நம் வீட்டில் என்று முறை வைத்தோம். நோட்டின் முதல் வரி, காப்பு மீட்ட செலவு.

ரசீதுகளைப் பத்திரப்படுத்தப் பழகினோம். பெற்றோரின் வைத்தியம், பராமரிப்புச் செலவுக்கு, 2021-ஆம் வரி ஆண்டு முதல் வருமான வரியில் 8,000 வெள்ளி வரை கழிவு உண்டு. டாக்டரின் சான்று அவசியம். பராமரிப்பவர் வரி கட்டுபவரோ, அவருடைய மனைவியோ, பிள்ளையோ ஆக இருக்கக்கூடாது.

இல்லத்தில் சேர்ப்பதே பாவம் என்று நாம் இப்போது சொல்வதில்லை. வீட்டில் தூக்கிப் பிடிக்க ஆளில்லாமல் புண்ணோடு கிடப்பதைவிட, தக்க இடத்தில் நல்ல பராமரிப்புப் பெறுவது மேல். ஆனால் விசாரித்துச் சேர்க்க வேண்டும். 1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு நிலையச் சட்டப்படி, நான்கு பேர் அல்லது அதற்கு மேல் தங்கவைக்கும் இல்லம் சமூக நல இலாகாவில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். சமையல் ஹலாலா, பெண்களைக் குளிப்பாட்டுவது பெண்கள்தாமா, ஒளுவுக்கும் தொழுகைக்கும் உதவுவார்களா, இரவில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் போய்ப் பாருங்கள். மாதக் கட்டணம் கட்டியதோடு பங்கு தீர்ந்தது என்று இருந்துவிடாதீர்கள். ‘உன்னிடத்தில்’ என்ற சொல் அங்கேயும் நம்மைத் தொடர்ந்து வரும்.

நமது உம்மா சென்ற வருடம் மவுத்தானார்கள். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். நோட்டைப் புரட்டிப் பார்த்தால் அதற்குப் பிந்திய கணக்கெல்லாம் நேராக இருக்கிறது. அந்த முதல் வருடத்துக்கு மட்டும் பக்கமே இல்லை. தங்கையிடம் பொருத்தம் கேட்டோம். “பொருந்திக்கொண்டேன், காக்கா” என்றாள். உம்மாவிடம் கேட்டபோது அவர்களால் பேச முடியவில்லை. இடக்கையால் நமது தலையைத் தடவினார்கள். அது பொருத்தம்தான் என்று நம்பியிருக்கிறோம்.

சகோதரர்களே! உங்கள் வாப்பாவும் உம்மாவும் ஹயாத்தோடு இருந்தால், இன்றிரவு கடையடைத்துப் போனதும் உடன்பிறந்தாரை அழையுங்கள். பெயரும் தொகையும் முறையும் எழுதுங்கள். அவர்கள் விழும்வரை காத்திராதீர்கள்.

வல்ல நாயன் நம் பெற்றோர் மீது, சிறு வயதில் அவர்கள் நம்மை வளர்த்ததற்கு ஈடாக, ரஹ்மத் செய்வானாக! நம் கணக்கை இம்மையிலேயே நேர் செய்யத் தவ்பீக் தருவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.