மெலியாரோடு ஆடுதல்

2001 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் இலங்கைக்கும் பங்களாதேஷுக்கும் இடையே நடைபெற்ற டெஸ்ட் போட்டி மூன்றாம் நாளிலேயே முடிவுற்றது. முதலிலே துடுப்பெடுத்தாடிய பங்களாதேஷ் அணி 90 ஓட்டங்களுக்குள் சுருண்டது. பின்னர் ஆடிய இலங்கை அணியின் மார்வன் அத்தபத்து 201 ஓட்டங்களைப் பெற்ற நிலையில், எவராலும் ஆட்டமிழக்கச் செய்யப்படாமலே, மைதானத்தை விட்டு வெளியேறினார். பின்னர் மஹேல ஜயவர்தனவும் 150 ஓட்டங்களோடு அவ்வாறே வெளியேறினார். காயமில்லை, நோயுமில்லை. பின்வரும் ஆட்டக்காரருக்கு வாய்ப்பளிப்பதே நோக்கமெனக் கூறப்பட்டது. 1877 இல் தொடங்கிய டெஸ்ட் கிரிக்கெட் வரலாற்றில், தாமாகவே ஆட்டத்தினின்றும் ஒதுங்கியமையால் ஆட்டமிழந்தவராகப் பதியப்பட்டோர் அதற்கு முன்னர் எவருமிலர்.

அன்று தொடங்கிய வாதம் ரசிகர்களிடையே இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஒரு சாரார் அதனை இரக்கம் என்றனர். வீழ்ந்து கிடப்பவனை மேலும் மிதிப்பதில் என்ன வீரம் என்பது அவர் கேள்வி. மறு சாரார் அதனை அவமதிப்பு என்றனர். இரு நாடுகளின் பெயரால் நடைபெறும் போட்டியொன்றைப் பயிற்சிக் களமாக மாற்றுதற்கு எவருக்கு உரிமையுண்டு என அவர் சினந்தனர். வேறு சிலரோ, இத்துணை ஏற்றத்தாழ்வுடைய அணிகளை மோதவிட்டதே பிழை என்று இரு சாராரையும் தள்ளிவிட்டனர். தேநீர்க்கடை வாங்கிலிருந்து பேசப்படும் பேச்சுத்தானே என்று இதனைப் புறக்கணித்தல் எளிது. ஆயினும் ஒழுக்கவியலின் மிகப் பழைய வினாவொன்று இப்பேச்சினுள்ளே கிடக்கின்றது. தன்னிலும் மெலியவனோடு பொருத நேருங்கால் வலியவன் அவனுக்குச் செலுத்த வேண்டிய கடன் யாது? தன் வலிமையைக் குறைத்துக்கொள்வதா, அன்றி முழு வலிமையையும் அவன் முன் வைப்பதா?

இரக்கமே சிறந்ததெனக் கூறுவோர் தமிழ் மரபிலிருந்து சான்று காட்டுதல் கூடும். கம்பராமாயணத்து யுத்த காண்டத்திலே, தேரும் படைக்கலமும் இழந்து வெறுங்கையனாய் நின்ற இராவணனைக் கொல்லாது, மறுநாள் வருமாறு இராமன் விடைகொடுத்தனுப்புகின்றான். இரக்கத்தின் உச்சமாக மேடைகளிலே எடுத்துரைக்கப்படும் இடம் இது. ஆனால் இவ்விடத்தை ஊன்றி நோக்குவார்க்கு இரு செய்திகள் புலனாகும். இராமன் போரை ஒத்திவைத்தானேயன்றிப் போரின் வலியைக் குறைத்துக்கொண்டானல்லன். மறுபடி வருபவனோடு மெல்லப் பொருவேன் என்ற வாக்கு எதனையும் அவன் கொடுக்கவில்லை. மற்றையது, அவ்விரக்கத்தைப் பெற்றவன் நிலை. தோல்வியைக் காட்டிலும் அந்த விடுதலையே இராவணனை நாணத்தாற் குன்றச் செய்கின்றது. யார் யார் தன்னை நினைந்து நகைப்பரோ என்று வெந்தவாறு அவன் நகர் மீள்கின்றான். கொடுப்போன் கண்ணிலே அருளாகத் தோன்றுவது பெறுவோன் நெஞ்சிலே வேறாகவும் இருக்கலாம் என்பதனைக் கம்பர் நன்குணர்ந்திருந்தார்.

புறப்பொருள் வெண்பாமாலை தழிஞ்சி என்றொரு துறையைக் கூறும். தோற்றுப் புறங்காட்டுவோர்மீது படைக்கலம் விடாமையை அது மறப்பண்பாகப் போற்றுகின்றது. இதனை விளையாட்டுக்கும் பொருத்துவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். புறங்காட்டுவோன் போரை விட்டவன். ஆடுகளத்திலே பந்தை எதிர்நோக்கி நிற்பவன், அவன் அணி எத்துணை ஓட்டங்களாற் பின்தங்கியிருப்பினும், முகங்காட்டி நிற்பவன். அவனைப் புறங்காட்டியவனாகக் கருதி நடத்துவது அவன் செய்யாத ஒன்றை அவன்மீது ஏற்றுவதாகும்.

எனினும் முழு வலிமையையும் வைப்பதே மரியாதை என்று ஒரே சொல்லில் முடித்துவிடவும் இயலாது. இலங்கையே மெலிந்த அணியாய் நின்ற நாளொன்று உண்டு. 1975 ஜூன் மாதத்தில் முதலாவது உலகக் கிண்ணப் போட்டியின்போது, இலண்டன் ஓவல் மைதானத்திலே அவுஸ்திரேலியா 328 ஓட்டங்களைக் குவித்தது. இலங்கைக்கு அப்போது டெஸ்ட் தகுதி கிடைத்திருக்கவில்லை. மின்னலென வீசிய ஜெஃப் தொம்சனின் பந்துகள் சுனில் வெத்தமுனியையும் துலிப் மென்டிஸையும் தாக்க, இருவரும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். எஞ்சியோர் தளர்ந்தாரில்லை. 4 விக்கெட்டுகளை மாத்திரம் இழந்து 276 ஓட்டங்களைப் பெற்று, 52 ஓட்டங்களாலேயே இலங்கை தோற்றது. அந்தத் தோல்வி இந்நாட்டுக் கிரிக்கெட்டின் பெருமைகளுள் ஒன்றாக இன்றும் பேசப்படுகின்றது. தொம்சன் வேகத்தைக் குறைத்து வீசியிருந்தால் அந்த 276 பேசப்பட்டிராது. அதே வேளை, தலையிலே அடிபட்டு விழுந்த மனிதனைக் கண்டு கைகொட்டுவதும் இயலாத காரியமாகும்.

இவ்விடத்திலே கிரிக்கெட்டின் விதிகள் ஒரு நுண்ணிய வேறுபாட்டைச் செய்வது கருதத்தக்கது. மேலெழும் பந்துகள் ஆபத்தானவையா என்று நடுவர் தீர்மானிக்கையில், எதிர்கொள்பவரின் ஆற்றலையும் கணக்கிலெடுக்கவேண்டும் என விதி கூறுகின்றது. கைதேர்ந்தவனுக்கு நியாயமான பந்து, பதினோராம் ஆட்டக்காரனுக்கு நியாயமற்றதாகலாம். ஆனால் ஓட்டம் எடுப்பதிலோ விக்கெட்டு வீழ்த்துவதிலோ இத்தகைய சலுகை எதனையும் விதி அறியாது. அதாவது, மெலியவனின் உடலுக்கு ஊறு நேருமிடத்தில் வேறுபாடு காட்டலாம். அவனை அளக்கும் அளவுகோலில் வேறுபாடு காட்டுதல் ஆகாது. விதிகளை வகுத்தோர் மெய்யியல் பயின்று இதனை எழுதினரோ, அனுபவத்தால் எழுதினரோ, ஒழுக்கவியல் நூல்கள் பலவற்றிலும் தெளிவாக இது அமைந்துவிட்டது.

இவ்வளவுகோலைக் கொண்டு கொழும்புப் போட்டியை நோக்குமிடத்து, இரக்கம் என்ற வாதம் நிலைகுலைகின்றது. அத்தபத்து வெளியேறியதால் பங்களாதேஷ் பந்துவீச்சாளரின் சுமை குறையவில்லை. அவருக்குப் பதிலாகப் புதிதாய் ஒருவர் வந்து ஆடினார். இலங்கை 5 விக்கெட்டுகளுக்கு 555 ஓட்டங்களைப் பெற்ற பின்னரே ஆட்டத்தை நிறுத்திக்கொண்டது. அந்த ஐந்து விக்கெட்டுகளிலே இரண்டு எந்தப் பந்துவீச்சாளரின் பெயரிலும் இல்லை. இரட்டைச் சதம் பெற்ற ஒருவரை வீழ்த்தினேன் என்று பின்னொரு நாளிற் சொல்லிக்கொள்ளும் வாய்ப்பு, எவனோ ஓர் இளைஞனிடமிருந்து பறிக்கப்பட்டது. ஈராண்டின் பின், 2003 ஒக்டோபரில், பேர்த் நகரிலே சிம்பாப்வேக்கு எதிராக மத்தியூ ஹெய்டன் 380 ஓட்டங்களைப் பெற்று அந்நாளைய உலக சாதனையை முறியடித்தார். கருணையற்ற ஆட்டம் என அதனைப் பழித்தோர் உண்டு. ஆயினும் ஹெய்டனை வீழ்த்தியவர் ட்ரெவர் கிரிப்பர் என்று அப்போட்டியின் பதிவேடு கூறுகின்றது. கொழும்புப் பதிவேட்டிலே அவ்விரு இடங்களும் வெறுமையாய்க் கிடக்கின்றன.

மனிதனை ஒருபோதும் வெறுங் கருவியாக மாத்திரம் நடத்தலாகாது என்பது ஜேர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்டின் கோட்பாடு. எதிரணியைத் தோற்கடிப்பது அவ்வணியைக் கருவியாக்குவதன்று. தோற்கடிக்க முயலும்போது அதனை எதிரணியாகவே ஏற்கின்றோம். தம் ஆட்டக்காரருக்குப் பயிற்சி கொடுக்கும் பொருட்டு அதனைப் பயன்படுத்துகையிலேயே அது கருவியாகின்றது. வலையினுள் பந்தெறியும் இயந்திரத்தோடு எவரும் போட்டியிடுவதில்லை. ஆட்டத்தை நிறுத்திக்கொள்ளுதலும் இதுவும் ஒன்றல்ல. நிறுத்திக்கொள்ளும் அணித்தலைவர் எதிரணியின் பத்து விக்கெட்டுகளை நாடியே அதனைச் செய்கின்றார். அவர் கண் எதிரணிமீது இருக்கின்றது. ஒதுங்கிச் செல்பவரின் கண்ணோ தம் அணியின் ஓய்வறைமீது இருக்கின்றது. இச்செயலுக்குக் கெட்ட எண்ணம் எதனையும் கற்பிக்கவேண்டியதில்லை. எதிரணி கண்ணிற் படவேயில்லை என்பதே குறை. (அந்நாளில் இலங்கை அணியின் பயிற்றுநராயிருந்த டேவ் வட்மோர் 2003 இல் பங்களாதேஷ் அணியின் பயிற்றுநரானார் என்பது வரலாற்றின் குறும்பு.)

இதே பார்வைக் குறை ரசிகரின் கணக்குகளிலும் உண்டு. முத்தையா முரளிதரன் பெற்ற 800 டெஸ்ட் விக்கெட்டுகளிலே 89 பங்களாதேஷுக்கு எதிரானவை, 87 சிம்பாப்வேக்கு எதிரானவை. இவற்றைக் கழித்து 624 என்று ஓர் எண்ணை எழுதி, அதுவே அவரது மெய்யான பெறுமானம் என வாதிடுவோர் பலர். முரளிதரனின் அன்பர்கள் இதனை அவருக்கிழைத்த அநீதியென்று கொதிப்பர். உண்மையில் இழிவு அவருக்கன்று. நூற்றெழுபத்தாறு தடவை துடுப்போடு வந்து, அவரது சுழலைக் கணிக்க முயன்று தோற்றவர்கள், வந்தவர்களாகவே எண்ணப்படாமற் போகின்றனர். பலம் வாய்ந்த நாடொன்றின் அணி நோஞ்சானாகிக் கிடந்த ஆண்டுகளிற் பெற்ற விக்கெட்டுகளை ஏன் எவரும் கழிப்பதில்லை? கழித்தல் திறமையை நோக்கிச் செய்யப்படுவதாயின் அங்கும் செய்யப்படவேண்டும். நாட்டின் பெயரை நோக்கிச் செய்யப்படுவதனாலேயே அது சிலருக்கு மாத்திரம் நேர்கின்றது.

இனி, ஆடவே கூடாது என்போர் வாதம். இதற்கும் முன்மாதிரி உண்டு. 1946 மார்ச் மாதத்தில் வெலிங்டன் நகரிலே அவுஸ்திரேலியா நியூசிலாந்தை 42 ஓட்டங்களுக்கும் 54 ஓட்டங்களுக்கும் சுருட்டியது. அதன் பின் 1973 டிசெம்பர் வரை அவ்வண்டை நாட்டோடு அவுஸ்திரேலியா ஒரு டெஸ்ட் போட்டியேனும் ஆடவில்லை. மீண்டும் ஆடத் தொடங்கிய சில மாதங்களிலேயே, 1974 மார்ச்சில், கிறைஸ்ட்சேர்ச் நகரிலே நியூசிலாந்து வென்றது. இடைப்பட்ட ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகளிலே எத்தனை ஆட்டக்காரர் தம்மை அளந்து பார்க்கும் வாய்ப்பின்றி முதுமையெய்தினர்! இராமனின் மறுநாள் மறுநாளாகவே வந்தது. அவுஸ்திரேலியாவின் மறுநாள் ஒரு தலைமுறையாயிற்று. நியூசிலாந்து தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெறுவதற்கு இருபத்தாறு ஆண்டுகளும் 45 போட்டிகளும் சென்றன. பங்களாதேஷ் முதல் 34 போட்டிகளிலே 31 இல் தோற்று, 35 ஆவதில், 2005 ஜனவரியில், சிம்பாப்வேயை வென்றது. தகுதி பெற்ற பின் ஆடவா என்பவர்கள், ஆடாமல் அத்தகுதி எங்கிருந்து வரும் என்பதனைச் சொல்வதில்லை.

ஆனால் ஒத்திவைத்தலே அறமாகும் இடமும் ஒன்றுண்டு. 2004 ஏப்ரலில் சிம்பாப்வே கிரிக்கெட் நிருவாகத்துக்கும் வீரர்களுக்கும் மூண்ட பிணக்கின் விளைவாக, முன்னணி வீரர் பதினைவர் அணியினின்றும் அகன்றனர். இருபது வயதே நிரம்பிய டட்டெண்டா டைபு தலைவராக்கப்பட்டார். அவரது அணியை அடுத்த மாதம் எதிர்கொண்ட இலங்கை, புலவாயோவிலே 3 விக்கெட்டுகளுக்கு 713 ஓட்டங்களைப் பெற்று, இனிங்ஸ் ஒன்றாலும் 254 ஓட்டங்களாலும் வென்றது. அத்தபத்து 249, குமார் சங்கக்கார 270. இம்முறை ஒருவரும் ஒதுங்கிச் செல்லவில்லை. முழு வலிமையும் வைக்கப்பட்டது. ஆயினும் அவ்வெற்றியை எண்ணி மகிழ்ந்த ரசிகர் அரியர். 2001 இற் கொழும்புக்கு வந்தது வளராத அணி. ஆயினும் அது பங்களாதேஷின் முழு அணி. 2004 இல் எதிர்நின்றதோ வெட்டுண்ட அணி. படைக்கலம் இழந்தவன் முன் நிற்கையிற் செய்யத்தக்கது இராமன் செய்ததே. அதன் பின்னரே அவ்வாண்டு சிம்பாப்வேயின் டெஸ்ட் போட்டிகள் நிறுத்திவைக்கப்பட்டன. இலங்கையின் வெற்றிகள் மாத்திரம் ஏட்டிலே இருக்கின்றன.

மெலியவனே வலியவனுக்கு இரங்கிய நிகழ்ச்சி ஒன்றையும் இங்குக் கூறாது விடல் தகாது. 2003 செப்டெம்பரிலே முல்தான் நகரில், தன் முதல் வெற்றியின் வாயிலில் நின்றது பங்களாதேஷ். பாகிஸ்தானின் உமர் குல் பந்து வீசப்படுமுன்னரே எல்லைக்கோட்டை விட்டு முன்னேறினார். பந்துவீச்சாளர் மொஹமட் ரஃபீக், விதிப்படி அவரை ஆட்டமிழக்கச் செய்யக்கூடியவராயிருந்தும், எச்சரித்து விட்டுவிட்டார். ஒரேயொரு விக்கெட்டு எஞ்சியிருக்கப் பாகிஸ்தான் வென்றது. ரஃபீக் செய்தது சரியோ பிழையோ, அந்த இரக்கத்திலே எவர்க்கும் இழிவு இருக்கவில்லை. விட்டுக்கொடுப்பதற்கு அவரிடம் மெய்யாகவே ஒன்று இருந்தது. அதனை இழக்கவும் அவர் சித்தமாயிருந்தார். 201 ஓட்டங்களோடு ஒதுங்கியவர் எதனை இழந்தார்?

கொழும்புப் போட்டியில் இன்னொரு பாதி உண்டு. வாதிடுவோர் அதனைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். இரண்டாவது இனிங்ஸிலே பங்களாதேஷ் 328 ஓட்டங்களைப் பெற்றது. தன் முதற் போட்டியை ஆடிய, பதினேழே வயதான மொஹமட் அஷ்ரஃபுல் 114 ஓட்டங்களைக் குவித்து, டெஸ்ட் சதம் பெற்றோருள் மிக இளையவரானார். எதிரே பந்துவீசியவர் முரளிதரன். முதல் இனிங்ஸிலே 13 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளை வீழ்த்தியவர் இரண்டாவதிலும் ஓயவில்லை. போட்டியிலே பத்து விக்கெட்டுகளைப் பெற்றார். சிறுவன்தானே என்று அவர் ஒரு பந்தையேனும் தளர்த்தி வீசியிருந்தால் அந்தச் சதத்தின்மீது ஐயத்தின் நிழல் விழுந்திருக்கும். இனிங்ஸ் ஒன்றாலும் 137 ஓட்டங்களாலும் இலங்கை வென்ற அப்போட்டியின் ஆட்டநாயகன் விருது முரளிதரனுக்கும் அஷ்ரஃபுலுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

பதினாறு ஆண்டுகள் கழிந்தன. கொழும்பு பி. சரவணமுத்து மைதானத்திலேதான் 1982 பெப்ரவரியில் இலங்கை தன் முதலாவது டெஸ்ட் போட்டியை ஆடி இங்கிலாந்திடம் தோற்றது. அதே மைதானத்துக்கு 2017 மார்ச்சிலே பங்களாதேஷ் தன் நூறாவது டெஸ்ட் போட்டியை ஆட வந்து, இலங்கையை 4 விக்கெட்டுகளால் வென்றது. அந்த ஐந்து நாளும் இலங்கை ஆட்டக்காரர் எவரும் தாமாக ஒதுங்கிச் செல்லவில்லை. வீழ்ந்த இருபது விக்கெட்டுகளும் பங்களாதேஷ் அணி தேடிப் பெற்றவையே.