துதியும் ஏளனமும்

கல்முனையிலும் அதன் அயலூர்களிலும் வாழும் நாம், இறைவனைப் பல வகையாற் போற்றும் மக்களிடையே வாழ்கின்றோம். தொழுகையில் முஸ்லிமின் நெற்றி நிலத்தைத் தொடுகின்றது. கிழக்கிலங்கைத் தர்காக்களில் பாவாமாரின் றபான் ஒலியோடு றாத்தீபு நிகழ்கின்றது. பாண்டிருப்பில் திரௌபதையம்மனின் அடியார் தீ மிதிக்கின்றனர். கிறிஸ்தவருள் ஒரு சாரார் முழந்தாளிட்டு மெல்லச் செபிக்க, பெந்தெகொஸ்தே சபையினர் கைகளை உயர்த்தி, கைகொட்டி, அல்லேலூயா என முழங்குகின்றனர்.

இறுதியாகக் கூறியதைக் கண்டு நகைப்பது கற்றோரிடையே வழக்கமாகிவிட்டது. உள்ளத்தை அறியும் இறைவனுக்கு இவ்வாரவாரம் எதற்கு என்று கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. எனினும் மனிதன் உள்ளத்தால் மட்டும் வாழ்பவனல்லன். பிள்ளையை இழந்த தாய் மார்பிலறைந்து அழுகின்றாள். கரைவலை வலிப்போர் அம்பாப் பாடலோடு வலித்தனர். துயருக்கும் உழைப்பிற்கும் துணைநின்ற குரலும் உடலும் துதிக்கு மட்டும் ஆகாதனவா?

நகைப்பவர் யாரென்பதையும் நோக்குதல் வேண்டும். முஸ்லிம்கள் தாவூத் நபியெனப் போற்றும் தாவீது மன்னர், உடன்படிக்கைப் பெட்டியின் முன் ஆடிப்பாடி வந்ததைச் சவுல் அரசனின் மகள் மீகாள் சாளரத்திலிருந்து கண்டு இகழ்ந்தாள் என விவிலியம் கூறும். பணிப்பெண்கள் காண மன்னர் இப்படி ஆடலாமா என்பதே அவளது மனக்குறை. அஃது இறைவனுக்காக எழுந்த கவலையன்று, அந்தஸ்திற்காக எழுந்த கவலை.

1906ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசூசா வீதியில், அடிமைகளாயிருந்த பெற்றோரின் மகனான வில்லியம் சீமோர் நடத்திய கூட்டங்களிலிருந்தே பெந்தெகொஸ்தே இயக்கம் பெரிதும் பரவிற்று. அங்கே கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாகக் கைகளை உயர்த்தினர். பத்திரிகைகள் நகையாடின. சீமோரின் முன்னாள் ஆசிரியரான வெள்ளையர் சார்ல்ஸ் பார்ஹாம் நேரில் வந்து, ஆரவாரத்தோடு இனங்கள் கலந்து வழிபட்டதையும் சேர்த்தே இகழ்ந்தார்.

அடக்கமே பக்திக்குச் சான்று என்போர் தமிழ்நாட்டின் வடக்கன்குளத்தை நினைக்கட்டும். அங்கே 1872இல் எழுந்த கத்தோலிக்க ஆலயத்தில் வெள்ளாளரையும் நாடாரையும் பிரித்து ஒரு சுவர் நின்றது. 1910இலேயே அது இடிக்கப்பட்டது. ஒரே பீடத்தை நோக்கி அடக்கமாக மண்டியிட்டோர், அடுத்த பக்கத்தில் மண்டியிட்டவனைக் காண மறுத்தனர்.

இதனால் உயர்ந்த கைகளெல்லாம் தூயவை என்று நாம் வாதிடவில்லை. மேடையில் நிற்பவர் ஆணையிட, அயலவர் பார்க்கின்றாரே என்று கூசி உயர்த்தும் கை துதிப்பதாகாது. ஏழையின் நோயைக் காட்டிக் காணிக்கை திரட்டும் முழக்கமும் துதியன்று. நீதியற்றோரின் பாட்டோசையை இறைவன் வெறுக்கின்றான் என்று அன்றே இடித்துரைத்தவர் ஆமோஸ் தீர்க்கதரிசி. ஆனால் அவர் கேட்டது மௌனத்தையன்று, நீதியை.

இவ்வினா நமது கடற்கரைக்குப் புறத்தேயுள்ளதன்று. 2017 மார்ச்சில் காத்தான்குடியில் சூபி வழியினரைத் தாக்கிய குழுவின் தலைவனே, 2019 ஏப்ரல் 21இன் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களில் முன்னின்றான். அன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் இறந்தோருட் பலர் சிறுவர். ஐந்து நாட்களின் பின், கல்முனையை அடுத்த சாய்ந்தமருதில் அக்குழுவினர் ஒரு வீட்டில் மறைந்திருந்தபோது, ஐயுற்று அறிவித்தவர்கள் அவ்வூர் முஸ்லிம் மக்களே.

நகைப்பவரெல்லாம் கொலைஞராவர் என்று கூறுவது அநீதி. ஆயினும் தன் வழிபாட்டு முறையன்றிப் பிறிதொன்றும் வாழத் தகாதென்ற எண்ணம், முதலில் தன் சமயத்தவனின் திக்ரையும் பின்னர் அயலவனின் அல்லேலூயாவையும் நோக்கிச் சென்றதை நாம் கண்டோம். சாய்ந்தமருது மக்கள் சீயோன் தேவாலயத்தின் பாட்டை ஏற்றவரல்லர், ஆயினும் அதைப் பாடுவோரின் உயிரைத் தமதெனக் கருதினர். நம் வகுப்பறைகளில் ஒரு மாணவனின் வழிபாட்டைக் கண்டு மற்றவன் சிரிக்கும்போது, ஆசிரியராகிய நாமும் உடன் சிரித்துவிடாதிருப்போமாக.